கொடியில் சிவப்புத் துவாய்

பழுப்புப் பம்ப் தினமும்.
நீலப் பம்ப் இழுக்கும்போது மட்டும்.
டிக்கோயா ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸி
மூன்று தடவை சொன்னார்,
மூன்றாவது தடவை என்னை விட்டுவிட்டு
மகளைப் பார்த்து.

மிதுர்ஷிகாவுக்கு ஒன்பது வயது.
அவள் எழும்புவதற்குள்
நான் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும்.
அவளுடைய அப்பா வெள்ளவத்தையில்,
யாரோ ஒருவருடைய கடையில்
ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருப்பார்.

நீலத்தை அவள் மறந்ததே இல்லை.
நெஞ்சு கீச்சிடும்போது யாருக்கு மறக்கும்?
பழுப்புதான் பாடு.
நன்றாக இருக்கிற நாளில்
ஒன்றுமே இல்லாததற்கு
எடுக்க வேண்டிய மருந்து.

போனில் அலாரம் வைத்தேன்.
போன் என்னோடு மலைக்கு வந்து
இடுப்புப் படங்குக்குள் கிடந்து கத்தியது.
கலண்டரில் கோடு போடச் சொன்னேன்.
செவ்வாய்க்கிழமை பார்த்தால்
ஞாயிறு வரைக்கும் கோடு.
"மறந்துருவேன்னுதாம்மா
முன்னாடியே போட்டு வச்சேன்."
அடிக்க ஓங்கிய கையில்
தண்ணீர்ப் போத்தலின் அடியில் ஓட்டை போட்டு
பம்ப் செருக நான் செய்துகொடுத்த
அவளுடைய குழாய் இருந்தது.
மெதுவாகக் கீழே வைத்தேன்.

அந்தக் கோடுகள் முடிவதற்குள்
ஓர் இரவு ஒன்றரை மணி,
ஆட்டோ, மழை,
வளைவுக்கு வளைவு
என் மடியில் அவளுடைய விலா எலும்புகள்
ஏறி இறங்கின.

வீட்டுக்கு வந்த மறுநாள்
என்னுடைய பிரஷர் குளிசைக் கவரை
மேசையில் கொட்டி எண்ணினாள்.
"முப்பது தந்தாங்க.
இருபது நாளாச்சி.
பத்துதான் இருக்கணும்.
பத்தொன்பது இருக்கு."
கணக்கில் கெட்டிக்காரி.
நான் களைந்த அரிசியையே
திரும்பக் களைந்துகொண்டிருந்தேன்.

பிறகு நடந்த ஏற்பாடெல்லாம் அவளுடையது.
பம்பும் குளிசையும் ஒரே மாஜரின் டப்பாவில்.
டப்பா, பிரஷ் நிற்கும் கோப்பைக்குப் பக்கத்தில்.
முதலில் மருந்து, பிறகு பல்.
மருந்துக்குப் பின் வாய் கொப்பளிக்கச் சொன்னார்களே,
அந்த வேலையும் அதிலேயே முடிந்துவிடும்.
மூடியில் பேனையால் எழுதினாள்:
இருநூறு அமுக்கு, நாளுக்கு நாலு,
அம்பதாம் நாள் பம்ப் முடியும்.
நான் கேட்டது ஒன்றே ஒன்று.
எடுத்து முடித்ததும்
வாய் துடைத்த சிவப்புத் துவாயைக்
கொடியில் போடு.
ஏழாம் நம்பர் மலையின் மூன்றாவது நிரையில் நின்றால்
எங்கள் லயம் தெரியும்.

எட்டு நாள் தெரிந்தது.
ஒன்பதாம் நாள் கொடி வெறுமை.
கங்காணியிடம் வயிற்றுவலி என்றேன்,
கூடையைச் சாந்தமலரிடம் தள்ளிவிட்டு
படிக்கட்டெல்லாம் பார்க்காமல் இறங்கினேன்.

பிரஷ் ஈரம். கோப்பை ஈரம்.
போத்தல் குழாயின் உள்ளே
லேசாக வெள்ளை படிந்திருந்தது.
துவாய் வாளியில் சோப்போடு ஊறியது.
அவள் பள்ளிக்கூடம் போய்விட்டிருந்தாள்.
எனக்கு அரைப் பேர்தான் விழுந்தது.

பின்னேரம் கேட்டேன்.
கொப்பியிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்:
"அழுக்கா இருந்திச்சி, ஊறப்போட்டேன்.
துவாய் ஒங்களுக்கும்மா.
மருந்து எனக்கு.
மருந்த மறக்கல்லயே."

இன்றைக்குப் பனி.
லயம் இல்லை, கோயில் மணிக்கூண்டு இல்லை,
பக்கத்து நிரையில் சாந்தமலரின்
இருமல் மட்டும் இருக்கிறது.
இந்நேரம் எழும்பியிருப்பாள்.
போத்தலை வாயில் வைத்து
அமுக்கி, இழுத்து,
பத்து எண்ணும் வரை
மூச்சைப் பிடித்திருப்பாள்.
நானும் பிடித்துக்கொள்கிறேன்,
கை தன்பாட்டில் கொழுந்து கிள்ள,
ஒன்று, இரண்டு, மூன்று...

ஏழில் நிற்கிறது எண்ணிக்கை.
இன்றைக்கு
என் குளிசை?